சாணியும் நூலும்

சாணி கலைக்கூடத்துக்குள்ள போகுமா? போயிருக்கிறது. கொண்டுபோனவர் பெங்களூரில் வாழும் ஷீலா கவுடா. 1957-ல் கர்நாடகத்துப் பத்ராவதியில் பிறந்தவர். சாந்திநிகேதனிலும் லண்டனிலும் ஓவியம் படித்தவர். 1992-93 கலவரங்களுக்குப் பிறகு, தூரிகையால் வரைவது போதாது என்று பட்டிருக்கிறது. சாணியைக் கையில் எடுத்தார். தாளில் பூசினார், கட்டிகளாக்கித் தரையில் அடுக்கினார். இன்ன உருவம் என்று சொல்ல முடியாத அரூபக் கலை அது. காயக் காயச் சுருங்கும், நிறம் வெளுக்கும், பூச்சி அரிக்கும். தெரிந்துதான் அந்தப் பொருளை எடுத்தார்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காரர்களுக்கு இதில் என்ன புதுசு என்று கேட்கலாம். கரிசல் மண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். வீட்டுத் தரையையும் அது விடாது. சாணியில் இருக்கும் செரிக்காத நார்தான் மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. கை வீச்சில் வளைவு வளைவாக, ஒரு திட்டுக்கூட இல்லாமல் மெழுகுவார்கள் நம்ம பொம்பளைங்க. அவ்வளவு சுத்தமான வேலைக்கு ஆயுசு ஒரு வாரம். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் மெழுகணும். மார்கழிச் சாணி உருண்டையில் வைக்கும் பூசணிப்பூ சாயங்காலம் வாடிவிடும், உருண்டை வறட்டியாகிவிடும்.

ஷீலா கவுடாவின் இன்னொரு படைப்பு 1998-ல் வந்தது. நீளநீளமான நூலை ஊசிகளில் கோத்து, குங்குமமும் பசையும் பூசி, சிவப்புக் கயிறாகத் திரித்துத் தொங்கவிட்டார். பாவு விரித்துக் கஞ்சி போட்டுப் பழகிய அருப்புக்கோட்டை நெசவாளிக்கு அந்தக் கையின் அலுப்பு உடனே புரியும். பார்க்க வருகிறவர்களுக்குக் கயிறுதான் தெரியும். இரண்டும் வீட்டு வேலையில் புழங்கும் பொருள்கள், பொம்பளைங்க கை வேலை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2019-ல் அவருக்கு மரியா லாஸ்னிக் விருது கிடைத்தது. மெழுகிய கைக்கு யார் கொடுத்தார்கள்?

இப்போது சிக்கல் வேறு. சிமெண்ட் தரை வந்தது, டிராக்டர் வந்தது, தொழுவம் காலியானது. மெழுகத் தெரிந்தவர்களுக்கு வயது எழுபதாகிவிட்டது. ஒரு ஏக்கர் ஜீவாமிர்தத்துக்கு 10 கிலோ சாணி வேண்டும். அதையே காசு கொடுத்து வாங்குகிற இயற்கை விவசாயிகள் நம்மில் இருக்கிறார்கள். மாடு வாங்க யோசிக்கிறவர்கள் மானாவாரிக் காட்டில் மேயும் நாட்டு மாடாகப் பாருங்கள். வாங்கின கையோடு, தெருவில் மெழுகத் தெரிந்த பாட்டியைக் கூப்பிட்டு, களத்துமேட்டில் ஒரு மூலையையாவது மெழுகச் சொல்லிக் கூடவே உட்காருங்கள். எவ்வளவு சாணிக்கு எவ்வளவு மண், எவ்வளவு தண்ணி என்பது அவர் விரலில்தான் இருக்கிறது.