வீட்டில் இருக்க வேண்டிய நகல்கள்

2023 ஏப்ரல் 15 அன்று சூடான் தலைநகர் கார்ட்டூமில் ராணுவத்துக்கும் துணை ராணுவப் படைக்கும் சண்டை மூண்டது. விமான நிலையம் முதல் நாளே போர்க்களமானது. மின்சாரமும் தண்ணீரும் இல்லாத வீடுகளுக்குள் இந்தியர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு முதலில் தோன்றுவது எப்படியாவது பணம் அனுப்ப வேண்டும் என்பதுதான். ஆனால் வங்கியும் கடையும் மூடிக் கிடக்கும் ஊருக்கு அனுப்பும் பணம் பெரும்பாலும் கைக்குப் போய்ச் சேராது. நம்மவர் எங்கே இருக்கிறார், யாரிடம் வேலை பார்க்கிறார், பாஸ்போர்ட் எண் என்ன என்பதைத் தூதரகத்துக்குப் பிழையில்லாமல் சொல்ல முடிந்தால், அதைவிடப் பெரிய உதவி தொலைவிலிருந்து செய்வதற்கில்லை. அதற்கான காகிதம் கலவரம் வருவதற்கு முன்பே வீட்டில் இருக்க வேண்டும்.

அன்று இந்திய அரசு நடத்திய ‘ஆபரேஷன் காவேரி’ மீட்பு எப்படி நடந்தது என்று பார்த்தாலே இது விளங்கும். கார்ட்டூமிலிருந்து போர்ட் சூடானுக்குச் சுமார் 850 கிலோமீட்டர் பேருந்துப் பயணம், அங்கிருந்து கடற்படைக் கப்பலிலோ விமானத்திலோ ஜெட்டா, பிறகு தாயகம். இப்படி 3,862 பேர் மீட்கப்பட்டார்கள். பேருந்து எங்கே, எப்போது புறப்படும் என்று ஒருவருக்குச் சொல்ல, அவர் இருக்கும் இடம் தெரிய வேண்டும். “கார்ட்டூமில் இருக்கிறார்” என்பது போதாது. பக்கத்துச் சந்தை, மசூதி, பாலம் எதுவென்று வேண்டும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், முகவரி உள்ள கடைசிப் பக்கம், விசா, வேலை ஒப்பந்தம், கம்பெனியின் தொலைபேசி எண் ஆகியவற்றின் நகல் ஊரில் இருக்கட்டும். பல இடங்களில் அசல் பாஸ்போர்ட்டை முதலாளியே வாங்கி வைத்துக்கொள்கிறார். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்கிறது 1967-ஆம் ஆண்டுச் சட்டம். முதலாளி அதைப் பிடித்து வைக்க நியாயமில்லை. அசல் கிடைக்காமல் போனாலும் தூதரகம் நாடு திரும்புவதற்கான அவசரச் சான்றிதழ் தரும். நகல் இருந்தால் அது விரைவாகும்.

காகிதத்தின் பயன் உயிரோடு திரும்புவதோடு முடிவதில்லை. 1990-இல் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது சுமார் 1,70,000 இந்தியர்கள் விமானம் மூலம் அழைத்து வரப்பட்டார்கள். மறு ஆண்டு ஐ.நா. பாதுகாப்பு மன்றம் ஓர் இழப்பீட்டு ஆணையத்தை அமைத்தது. அந்தக் காலத்தில் ஈராக்கையோ குவைத்தையோ விட்டு வெளியேறியதற்கு எளிய சான்று காட்டியவர்களுக்குத் தலைக்கு 2,500 டாலர், குடும்பத்துக்கு 5,000 டாலர் என்று நிர்ணயித்தது. சம்பளம், சேமிப்பு, வீட்டுப் பொருள் இழந்தவர்கள் தனியாகக் கேட்கலாம். அதற்குக் கூடுதல் சான்று வேண்டும். எல்லாப் போருக்குப் பின்னும் இப்படி ஓர் ஆணையம் வராதுதான். வந்தபோது, கடைசிச் சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்தியவர் கோரிக்கைக்கு வலு இருந்தது.

மீட்பது அரசின் கடமை, அந்தச் சுமையை ஏழைக் குடும்பத்தின் தலையில் ஏற்றலாமா என்று கேட்கலாம். கடமை அரசுடையதுதான், அதில் மறுபேச்சில்லை. அந்தக் கடமையை உரிமையோடு கேட்பதற்கான பிடிதான் இந்தக் காகிதங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் உறவினரே புகார் பதியலாம். தமிழகத்தில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையையும் அணுகலாம். கையில் காசில்லாமல் தவிப்பவரின் உணவு, தங்குமிடம், விமானச் சீட்டு ஆகியவற்றுக்காகவே 2009 முதல் இந்திய சமூக நல நிதி தூதரகங்களில் இருக்கிறது. இதைத் தெரிந்து கேட்பவர்கள் குறைவு. இன்னொரு தயக்கம் உண்மையிலேயே கனமானது. விசா முடிந்தவர், முதலாளியிடமிருந்து ஓடி வந்தவர், பெயரைக் கொடுத்தால் மாட்டிக்கொள்வோமோ என்று அஞ்சுகிறார். பதிவு செய்யப் போவது அந்நாட்டுக் காவல்துறையிடம் அல்ல, நம் தூதரகத்திடம். விசா முடிந்துவிட்டதால் ஒருவர் இந்தியக் குடிமகன் இல்லாமல் போவதில்லை. இந்த அச்சத்தை நம்பித்தான் “லிஸ்டில் பேர் சேர்க்கிறேன்” என்று பணம் கேட்கும் தரகர்கள் பிழைக்கிறார்கள். மீட்புப் பட்டியலில் பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது.

நம்மவர் கிளம்பும் அவசரத்தில் சில கம்பெனிகள், பாக்கி ஏதுமில்லை என்று அச்சடித்த தாளை நீட்டக்கூடும். சம்பள பாக்கி இருக்கும்போது அதில் கையெழுத்திட வேண்டாம் என்று அவரிடம் போனில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கையெழுத்திட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், பாக்கித் தொகையைத் தேதியோடு அந்தத் தாளிலேயே எழுதி, படமெடுத்து அன்றே வீட்டுக்கு அனுப்பட்டும்.