உங்களுக்குத் தெரியுமா? சுண்டெலிக்குள் ஒரு வேலி

வீட்டுச் சுண்டெலிக்கு 40 குரோமோசோம்கள். ஆனால் துனிசியாவின் மொனாஸ்டிர் நகரில் பிடிபடும் சுண்டெலிகளுக்கு 22 தான்! மரபணுச் சரக்கு குறையவில்லை. இரண்டிரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிட்டன. இதற்கு ராபர்ட்சன் இணைவு என்று பெயர். மனிதர்களிலும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு இப்படி ஓர் இணைவு உண்டு. பெரும்பாலோர் நலமாகவே வாழ்கிறார்கள்.

சுவிட்சர்லாந்தின் பொஸ்கியாவோ பள்ளத்தாக்கில், ஒரு புகையிலை ஆலையில் கிடைத்த கறுத்த எலிகளைத் தனி இனம் என்று 1869-இல் அறிவித்தார் விலங்கியலாளர் விக்டர் ஃபாத்தியோ. நூறாண்டு கழித்து ஆல்ஃபிரெட் குரோப் குழுவினர் எண்ணிப் பார்த்தபோது அவற்றுக்கு 26 குரோமோசோம்கள். உண்மையில் அவை சாதாரணச் சுண்டெலிகளே. ஆய்வக எலியோடு சேர்த்தபோது குட்டிகள் பிறந்தன. அந்தக் குட்டிகளுக்குத்தான் இனவிருத்தித் திறன் குறைந்துபோனது.

ஏன் குறைகிறது? விந்தணுவோ முட்டையோ உருவாகும்போது, தாய்வழிக் குரோமோசோமும் தந்தைவழிக் குரோமோசோமும் ஜோடி சேர்ந்து, பிறகு சரிசமமாகப் பிரிய வேண்டும். ஒட்டிய ஒன்றோடு ஒட்டாத இரண்டு சேர்ந்தால் மூன்று பேர் கூட்டணி. அது ஓரளவு சமாளித்துவிடும்; இப்படிப் பல கூட்டணிகள் சேர்ந்தால்தான் திறன் குறையும். பெரிய சிக்கல் வேறிடத்தில். ஓர் ஊர் எலியில் 1-ஆம் குரோமோசோமும் 3-ஆம் குரோமோசோமும் ஒட்டியிருக்க, அடுத்த ஊர் எலியில் 3-உம் 8-உம் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றின் குட்டியில் ஒன்று இன்னொன்றைப் பிடிக்க, அது மற்றொன்றைப் பிடிக்க, நீண்ட சங்கிலியே உருவாகிவிடும். சங்கிலி நீள நீளப் பிரிவதில் பிழைகள் கூடும். கடைசியில் குட்டி மலடாகும். இரு ஊர்களிலும் தனித்தனியே எந்தக் குறையும் இல்லை. சேரும்போதுதான் வேலி எழுகிறது. என்னை மிகவும் கவர்ந்த உண்மை இதுதான்.

அட்லாண்டிக் கடலில் உள்ள மதீராத் தீவில் ஒன்றல்ல, இரண்டல்ல, ஆறு குரோமோசோம் வகைச் சுண்டெலிகள்! கப்பலில் மனிதர்களோடு வந்து இறங்கிய எலிகளின் வாரிசுகள். செங்குத்தான மலைகள் பிரித்த பள்ளத்தாக்குகளில், ஆயிரம் ஆண்டு அளவிலேயே இவ்வளவும் நடந்துவிட்டது. 2000-இல் இதை வெளியிட்ட ஆய்வு, பரிணாமம் என்றாலே லட்சக்கணக்கான ஆண்டுகள் என்ற நம் நினைப்பை அசைத்துவிட்டது.

குரோமோசோம் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் வேலி வரலாம். டென்மார்க்கிலிருந்து பல்கேரியா வரை ஒரு குறுகிய கோட்டில் கிழக்கத்திய, மேற்கத்தியச் சுண்டெலிகள் சந்திக்கின்றன. கலப்பில் பிறக்கும் ஆண் எலிகளில் பல மலடு. அதற்குக் காரணமான மரபணுக்களில் ஒன்று பிஆர்டிஎம்9. பிராகாவில் யிர்ஜி ஃபொரெய்ட் குழு 2009-இல் இதைக் கண்டுபிடித்தது.

வேலியில் ஓட்டையும் உண்டு. அல்ஜீரியச் சுண்டெலி முற்றிலும் வேறு இனம். வீட்டுச் சுண்டெலியோடு கலந்தால் ஆண் குட்டிகள் மலடு, பெண் குட்டிகள் மலடல்ல. அந்தப் பெண்கள் வழியாக, வார்ஃபரின் என்ற எலி மருந்தைத் தாங்கும் மரபணு வீட்டுச் சுண்டெலிகளுக்குள் நுழைந்துவிட்டதை 2011-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஸ்பெயினிலும் ஜெர்மனியிலும் மருந்து வைத்தும் சாகாத எலிகள் சிலவற்றின் உடலில் இருப்பது இந்த இரவல் மரபணுதான்.