கரி அடுப்பில் சுடும் விலா இறைச்சி: மென்மையும் பாதுகாப்பும்

வீட்டு மொட்டைமாடியில் கரியில் சுட்ட விலா இறைச்சியை, பல் குறைந்த முதியவருக்கும் சிகிச்சையில் இருப்பவருக்கும் கொடுக்கலாமா? பராமரிப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எப்போதாவது, சிறிய அளவில், பெரும்பாலானோருக்குக் கொடுக்கலாம். ஆனால், அது எவ்வாறு சமைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

விலாப்பகுதி கடினமாக இருப்பதற்கு முதன்மையான காரணம், அதில் மிகுந்துள்ள கொலாஜன் என்னும் இணைப்புத்திசுப் புரதம். நெருப்பைக் கூட்டினால் இது விரைவில் இளகிவிடாது. தசைநார்கள் சுருங்கி, நீர் வெளியேறி, இறைச்சி மேலும் விறைத்துப்போகும். சுமார் 70 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், ஈரம் வற்றாமல், மணிக்கணக்கில் வெந்தால்தான் கொலாஜன் ஜெலட்டினாக மாறும்.

எனவே, எலும்புப் பக்கத்தில் ஒட்டியுள்ள மெல்லிய சவ்வை முதலில் உரித்துவிடுங்கள். கரித்துண்டுகள் சாம்பல் பூத்தபின் அவற்றை அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்கி, இறைச்சியை மறுபக்கத்தில் வைத்து மூடுங்கள். இறைச்சிக்கு அடியில் நீர் ஊற்றிய தட்டு ஒன்று இருக்கட்டும். மூடிக்குள் வெப்பம் 110 முதல் 135 டிகிரி வரை இருந்தால் போதுமானது. பன்றி விலாவுக்கு இம்முறையில் நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகலாம். உட்பகுதி 90 டிகிரியைத் தாண்டும்போது இறைச்சி எலும்பிலிருந்து எளிதில் விலகத் தொடங்கும். சர்க்கரை சேர்ந்த சாஸை இறுதி இருபது நிமிடங்களில் மட்டும் பூசுங்கள். முன்னரே பூசினால் கருகிவிடும்.

மென்மை தரும் இம்முறைக்கு மருத்துவ நோக்கிலும் ஒரு பயன் உண்டு. இறைச்சி மிகுந்த வெப்பத்தில் கருகும்போது ஹெட்டிரோசைக்ளிக் அமின்கள் உருவாகின்றன. கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகை, பாலிசைக்ளிக் அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்களை இறைச்சியின் மேல் படியச் செய்கிறது. இவை மரபணுவில் மாற்றங்களை உண்டாக்கக்கூடியவை. தணலிலிருந்து விலக்கிச் சமைத்தால் இவை குறையும், முற்றிலும் நீங்கா. கருகிய பகுதியை வெட்டி நீக்கிவிடுங்கள். ஒரு வேளை உணவால் புற்றுநோய் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. வாரந்தோறும் உண்ணும் வழக்கமே கவலைக்குரியது.

கீமோதெரபி பெறுபவருக்கான இறைச்சியை நிறத்தைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். மேற்புறம் கருத்திருந்தும் உள்ளே வேகாமல் இருக்கலாம். புகையினால், நன்கு வெந்த இறைச்சியும் இளஞ்சிவப்பாகத் தோன்றலாம். உணவு வெப்பமானியைப் பயன்படுத்துங்கள். மீதமானதை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கடும் வெயில் நாளில் ஒரு மணி நேரத்திற்குள் வைத்துவிடுங்கள்.

இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்களின் பங்கை உப்பு தடவுவதற்கு முன்பே பிரித்து வையுங்கள். கடைகளில் கிடைக்கும் மசாலாக் கலவைகளிலும் சாஸ்களிலும் உப்பு மிகுதியாக இருக்கக்கூடும். பக்கவாதத்திற்குப் பின் விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு, இறைச்சி எவ்வளவு மென்மையாக இருந்தாலும் எலும்புடன் கொடுக்க வேண்டாம். நார்நாராகப் பிரியும் இறைச்சி தொண்டையில் சிக்கக்கூடும். முதலில் சிகிச்சையளிப்பவரைக் கேளுங்கள். கம்பித் தூரிகையால் கிரில் தட்டைத் தேய்த்திருந்தால், உதிர்ந்த கம்பி இழைகள் ஒட்டியுள்ளனவா என்று ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். விழுங்கப்பட்ட இழை குடலைத் துளைக்கலாம்.

கரிப்புகை நஞ்சு

உயிருக்கு உடனடி ஆபத்து விளைவிப்பது இறைச்சியன்று, கரியே. மழை வந்துவிட்டதென்று எரியும் அடுப்பை வீட்டுக்குள்ளோ, அடைத்த பால்கனிக்கோ, வாகனக் கொட்டகைக்கோ ஒருபோதும் கொண்டு செல்லாதீர்கள். சன்னலைத் திறந்து வைப்பது போதுமான பாதுகாப்பாகாது. தணியும் கரியிலிருந்தும் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வெளியேறும். அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிணைப்புடன் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், குழப்பம் ஆகியன தொடக்க அறிகுறிகள். ஒரே இடத்தில் இருந்த பலருக்கு இவை ஒன்றாகத் தோன்றினால் அனைவரையும் உடனே திறந்தவெளிக்கு அழைத்துச் சென்று 108-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இந்நிலையிலும் இயல்பான அளவைக் காட்டக்கூடும். அதை நம்பித் தாமதிக்க வேண்டாம். அருகில் கரி எரிந்தது என்பதை ஆம்புலன்ஸ் பணியாளரிடம் தவறாமல் தெரிவியுங்கள்.