வீதியிற் கேட்கும் நாதம்

நல்லிசை கேட்பதற்கு மண்டபமும் நுழைவுச்சீட்டும் வேண்டுமென எண்ணுவோர் நம்மிடையே பலர். யாழ்ப்பாணத்துச் சிறு கோயில்களின் வீதிகளோ இவ்வெண்ணத்தை நெடுங்காலமாகப் பொய்யாக்கி வருகின்றன. கொடிமரம் இல்லாத சிறு கோயிலிலும் ஆண்டுதோறும் அலங்காரத் திருவிழா உண்டு. அத்திருவிழாவில் மேளமும் உண்டு. சந்தைக்குப் போய்த் திரும்பும் ஒருவர், ஒழுங்கைத் திருப்பத்திலே நாதசுர ஒலி கேட்டுத் துவிச்சக்கர வண்டியை மதிலிற் சாத்திவிட்டு நின்றால், அவரும் அன்றைய சபையில் ஒருவராவார்.

திறந்த வெளிக்கென்றே அமைந்தவை இவ்வாத்தியங்கள். நாதசுரம் ஆச்சா மரத்திற் கடையப்படுவது. விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழு. சுருதியைச் செப்பஞ் செய்வதற்குக் கீழே வேறு ஐந்து. தவில் பலாமரத்திற் குடையப்படுவது. அதன் ஒரு பக்கத்தைக் கழியாலும் மறு பக்கத்தைக் கூடு அணிந்த விரல்களாலும் முழக்குவர். ஒலிபெருக்கியின் துணையின்றியே அயல் முழுவதையும் அழைக்க வல்லவை இவை.

சுவாமி புறப்படும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி ஒலிக்கும். அதற்குச் சாகித்தியம் இல்லை. சுரமும் தாளமுமே அதன் உடல். வீதியின் மூலைகளிலே சுவாமி தரிக்கும்போது இராக ஆலாபனை விரியும். பின்னர்த் தவிற்காரர் எதிரெதிரே நின்று சமா வாசிப்பர். உலகறிந்த தவில் மேதை வி. தட்சிணாமூர்த்தி (1933–1975) இணுவிலிற் பிறந்து, அளவெட்டியில் வாழ்ந்தவர். அவரையும் அளவெட்டி என். கே. பத்மநாதனையும் நம் முன்னோர் கோயில் வீதி மணலில் இருந்தே கேட்டனர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதிலே, வழியிலிருந்த சிறிய பிள்ளையார் கோயிலில் நாம் காம்போதி கேட்டோம். கேட்டோர் இருபதின்மருக்கு மேல் இரார். முதியவர் ஒருவர் ஓரிடத்திலே தலையசைத்தார். அதனைக் கண்ட நாதசுரக்காரர் அதே பிடியை மேலும் மூன்று விதமாக வாசித்துக் காட்டினார். புத்தகப் பையுடன் நின்ற சிறுவன் ஒருவன் தொடையிலே தாளம் போடத் தொடங்கியிருந்தான். அவ்வேளை, "தம்பி, வகுப்புக்கு நேரம் போகுது, வந்து ஏறு!" என்று தந்தையார் அழைத்தார். சிறுவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

அத்தந்தையாரை நாம் குறை கூறோம். பரீட்சையின் பாரம் ஆசிரியராகிய நாம் அறியாததன்று. ஆயினும், அம்முதியவரைப் போலத் தலையசைக்க அறிந்தவர் நாளை யார்? இன்று கைத்தொலைபேசியிலே எந்த வித்துவானையும் எந்நேரமும் கேட்கலாம். எனினும், அப்பதிவு நம் தலையசைவைக் காணாது. நமக்காக ஒரு பிடியை மீண்டும் வாசியாது. கேட்போர் குன்றினால் வாசிப்போரின் ஊக்கம் குன்றும். ஊக்கம் குன்றினால் அவர்தம் பிள்ளைகள் வேறு தொழில் தேடுவர். மின்விசையால் முழங்கும் இயந்திர மேளம் பூசை வேளையை நிரப்பலாம். அதற்குக் காம்போதி தெரியாது.

ஆதலின், பெற்றோர்க்கு நாம் கூறுவது சிறிதே. வழியில் மேளம் கேட்டாற் கால்மணி நேரம் நில்லுங்கள். பிள்ளைகளை முன்னே விடுங்கள். வாசித்தவரிடம் சென்று, அவர் வாசித்தது இன்ன இராகமா என்று வினவுங்கள். அவர் முகம் மலர்வதைப் பிள்ளைகளும் காணட்டும்.