தென்னைக்குப் போட்ட யூரியா எங்கே போகுது? கோவளம் மணலில் நடப்பது இதுதான்!

கோவளம், கிழக்கு கடற்கரைச் சாலை பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது: யூரியா போட்டாச்சு, தண்ணியும் விட்டாச்சு, இன்னும் ஏன் ஓலை மஞ்சளாவே இருக்கு? மஞ்சளுக்குப் பல காரணம் உண்டு. ஆனால் இந்தப் பகுதியில் முதலில் பார்க்க வேண்டியது காலடி மணலைத்தான்.

களிமண் துகள்களில் எதிர்மின்சுமை இருக்கும். அமோனியம், பொட்டாசியம் போன்ற நேர்மின்சுமை சத்துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். கடலோர மணலில் களி ரொம்பக் குறைவு, சத்து ஒட்ட இடமே இல்லை. யூரியா முதலில் அமோனியமாகி, பிறகு பாக்டீரியாக்களால் நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட்டுக்கும் எதிர்மின்சுமைதான். களிமண்ணே அதைப் பிடித்து வைக்காது, மணல் எங்கே பிடிக்கப்போகிறது? நல்ல மழை ஒன்று பெய்தால் வேரைத் தாண்டி இறங்கிவிடும்.

கீழே இருப்பது கிணற்று நீர். திருவான்மியூர் முதல் கோவளம் வரை இந்த மணல் படுகையில்தான் நல்ல தண்ணீர் தேங்குகிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை. தாண்டினால் பச்சிளம் குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையலாம். செப்டிக் டேங்க் கசிவிலும் நைட்ரேட் உண்டு, பழி முழுக்க உரத்துக்கு மட்டும் இல்லை.

எரு போட்டா என்ன மாறும்?

மக்கிய எருவில் எதிர்மின்சுமை ஏராளம். மணலில் களிமண் செய்யாத வேலையை அது செய்கிறது: பொட்டாஷைப் பிடித்து வைக்கும், ஈரத்தையும் காக்கும். எருவில் உள்ள தழைச்சத்து கரிமப் பொருளாகக் கட்டுண்டு கிடப்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும்.

அப்போ எரு மட்டும் போதுமா?

கணக்குப் போட்டால் இடிக்கும். காய்க்கும் தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அந்த 50 கிலோ தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் 250 கிராம்தான். யூரியாவில் 600 கிராம்.

நாடு முழுக்க இதைச் சோதித்துப் பார்த்தது இலங்கை. மாற்று உரம் போதிய அளவில் தயாராகும் முன்பே 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நெல்லும் தேயிலையும் அடிவாங்க, நவம்பரில் தடை வாபஸ். 2021-ல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022-ல் 25 கோடி கிலோவாகச் சரிந்தது. பொருளாதார நெருக்கடிக்கும் அதில் பங்குண்டு.

இன்னொரு விஷயம், மக்காத தென்னைநார்க் கழிவை அப்படியே கொட்டக் கூடாது. அதில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 100 பங்குக்கு மேல் கரிமம் இருக்கிறது. அதை மக்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும், மரம் பட்டினி கிடக்கும். மக்க வைத்த பிறகு போட்டால் பிரச்னை இல்லை.

உரத்தை இரண்டாகப் பிரித்து ஜூன்-ஜூலையிலும் டிசம்பர்-ஜனவரியிலும், மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் வட்டப்பாத்தியில் போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு நடுவில் போட்டால், பாதிக் காசு கிணற்றுக்குத்தான்.