வீணாகும் வெப்பமும் விளக்கணையாத வளாகமும்

சோற்றை வடித்துவிட்டுக் கஞ்சியைச் சாக்கடையில் கொட்டினால் நம் பாட்டிமார் சும்மா விடுவார்களா? ஆனால் அனல் மின்நிலையங்களில் அன்றாடம் நடப்பது அதுதான். எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே பெரும்பாலும் மின்சாரமாகிறது. மிச்சம் காற்றோடும் நீரோடும் போய்விடுகிறது. இது பொறியாளர்களின் அசட்டை அன்று. வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்ற இயலாது என்பது இயற்கையின் விதி. இதற்கு 1824-லேயே அடிகோலியவர் கார்னோ என்ற பிரெஞ்சுக்காரர்.

மின்சாரமாக மாறாத வெப்பத்தை வெப்பமாகவே பயன்படுத்தினால் என்ன? இதுவே இணை மின் உற்பத்தி. நம் சர்க்கரை ஆலைகள் சிலவற்றில் கரும்புச் சக்கையை எரித்து இதைச் செய்கிறார்கள்.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்திலுள்ள பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1996-இல் இத்தகைய நிலையம் ஒன்றை அமைத்தது. அதன் இதயம் சுமார் 15 மெகாவாட் திறனுள்ள வாயு டர்பைன். அது போர் விமான என்ஜின் ஒன்றிலிருந்து உருவானது என்றால் வியப்பாக இல்லையா! எரிவாயுவால் சுழலும் டர்பைன் ஜெனரேட்டரை ஓட்டுகிறது. அதிலிருந்து வெளியேறும் கொதிக்கும் புகை, கொதிகலனில் நீரை ஆவியாக்குகிறது. அந்த நீராவி குழாய்கள் வழியே சென்று, பனிக்காலத்தில் விடுதிகளையும் வகுப்பறைகளையும் சூடாக்குகிறது. கோடையிலோ குளிரூட்டும் இயந்திரங்களை ஓட்டவும் உதவுகிறது. இவ்வாறு எரிபொருளின் ஆற்றலில் நூற்றுக்கு எழுபது, எண்பது பங்கு வரை பயன்படுத்த முடியும்.

பல்கலைக்கழகத்துக்கு இம்முறை ஏன் பொருந்துகிறது? மின்சாரத்தைக் கம்பி வழியே நெடுந்தூரம் அனுப்பலாம். நீராவியோ வழியிலேயே ஆறிவிடும். விடுதி, நூலகம், ஆய்வுக்கூடம் எல்லாம் அருகருகே இருந்தால்தான் ஆதாயம்.

2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் நியூஜெர்சியைத் தாக்கியது. இலட்சக்கணக்கான வீடுகள் இருளில் மூழ்கின. பிரின்ஸ்டன் வளாகமோ வெளி மின்தொடரிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டது. நிலையத்தின் திறன் வளாகம் முழுவதற்கும் போதாது. ஆகவே அத்தனை அவசியமில்லாத இடங்களில் மின்சாரத்தை நிறுத்தி, மற்ற இடங்களுக்குக் கொடுத்தார்கள். ஆய்வுக்கூடத்துக் குளிர்ப்பெட்டியில் பல ஆண்டு உழைப்பைப் பாதுகாத்து வைத்திருப்பவருக்கு அன்றிரவு மின்சாரம் எத்தனை பெரிய பொருள்!

எனினும் இதுவும் எரிவாயுவை எரிப்பதுதான். கரியமில வாயு வெளியேறத்தான் செய்கிறது. எனவே அதே பல்கலைக்கழகம் கோடை வெப்பத்தை ஆழ்துளைகள் வழியே பூமிக்குள் சேமித்து, குளிர்காலத்தில் எடுத்துக்கொள்ளும் முறைக்கு மாறி வருகிறது. நீராவிக் குழாய்களுக்குப் பதில் இப்போது வெந்நீர்க் குழாய்களைப் பதிக்கிறார்கள். 2046-க்குள் கரியமில வாயுக் கணக்கைச் சுழியாக்குவது அவர்கள் இலக்கு.