தீவனம் வாங்கும் இடமும் கணக்கும்

பால் உற்பத்திக்கு ஆகும் செலவில் பாதிக்கு மேற்பட்டது தீவனச் செலவே. ஆகவே, தீவனத்தை எங்கே வாங்குவது என்பது கறவை மாடு வைத்திருக்கும் ஒவ்வோர் அங்கத்தினரின் குடும்ப வரவு செலவையும் தீர்மானிக்கும் விஷயமாகும். நெசவாளி எவரும் நம்பரைக் கேளாமல் நூல் வாங்குவதில்லை. ஆனால் அதே வீட்டுக் கொட்டிலில் நிற்கும் பசுவுக்குத் தீவனம் வாங்கும்போது மூட்டையின் விலையை மட்டுமே கேட்கிறோம். ஊர்க் கடையா, நகரத்துப் பெருங்கடையா என்ற கேள்விக்கு விடை காண விலை மட்டும் போதாது.

ஊர்க் கடை

ஊர்க் கடையின் அநுகூலங்களை மறுக்க முடியாது. வேண்டிய அளவுக்கு ஐந்து கிலோவாகவும் வாங்கலாம். பிண்ணாக்கைக் கையால் உடைத்து முகர்ந்து பார்க்கலாம். கெட்டிருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். கையில் காசில்லாத நாளில் கடனும் கிடைக்கும்.

அந்தக் கடனில்தான் கவனம் வேண்டும். ரொக்கத்துக்கு 1,400 ரூபாயாக உள்ள மூட்டை, ஒரு மாதக் கடனுக்கு 1,470 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எழுபது ரூபாய்தானே என்று தோன்றும். அது மாதத்துக்கு 5 சதவீதம். ஆண்டுக்கு 60 சதவீத வட்டியாகும். அதனோடு, பாலையும் அந்தக் கடைக்காரருக்கே ஊற்றவேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தால், பாலுக்கு விலை சொல்லும் உரிமையும் நம்மிடமிருந்து போய்விடுகிறது. கடனுக்கு நூல் வாங்கி, நெய்த துணியை அதே முதலாளியிடம் ஒப்படைத்து வந்த நெசவாளருக்கு இந்த நிலையை விளக்கவேண்டியதில்லை.

பெருங்கடை

நகரத்துப் பெருங்கடையில் மூட்டைகள் தைத்து வருகின்றன. அவற்றில் புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம், தயாரித்த தேதி ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். விலையும் சற்றுக் குறைவாக இருக்கலாம். எனினும் வண்டிச் சத்தத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு மூட்டைக்காகப் போகிறவருக்கு அந்த லாபம் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. தைத்த மூட்டையை அங்கே பிரித்துப் பார்க்கவும் இயலாது. தேதி பழையதாயின், மலிவு விலைக்குக் காரணம் அதுவாகவே இருக்கக்கூடும்.

சத்தைக் கொண்டு விலையை அளத்தல்

இருவகைத் தீவனங்களை ஒப்பிடுவோம். 50 கிலோ மூட்டை ஒன்று 1,500 ரூபாய். அதில் புரதம் 20 சதவீதம், அதாவது 10 கிலோ. மற்றொன்று 1,200 ரூபாய். புரதம் 14 சதவீதம், அதாவது 7 கிலோ. முதலாவதில் ஒரு கிலோ புரதத்துக்கு 150 ரூபாய் ஆகிறது. இரண்டாவதில் 171 ரூபாய்க்கு மேல் ஆகிறது. புரதம் மட்டுமே தீவனமன்று. ஆயினும் விலை மிகுந்த சத்து அதுவே. ஆதலால் மலிவு மூட்டையே இங்கு விலை கூடியது.

அச்சிட்ட எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. ஆய்வுக்கூடத்தில் தழைச்சத்தை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கியே புரதத்தைக் கணக்கிடுகிறார்கள். யூரியாவிலும் தழைச்சத்து மிகுதியாக உண்டு. அதைக் கலந்து எண்ணை உயர்த்திக் காட்ட முடியும். எனவே பரிசோதனைக்கு அனுப்பும்போது யூரியாவையும் பார்க்கச் சொல்லவேண்டும். தவிட்டை வீட்டிலேயே சோதிக்கலாம்: ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் உமி மிதக்கும்; மணல் அடியில் தங்கும்.

பூஞ்சை என்னும் நஷ்டம்

ஈரம்பட்ட கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு, மக்காச்சோளம் ஆகியவற்றில் பூஞ்சை பிடித்து அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. அது பசுவின் உடலில் மாறுதலடைந்து பாலிலும் இறங்குகிறது. பாலைக் காய்ச்சினாலும் அழிவதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு ஆய்வில், தமிழ்நாட்டில் எடுத்த 551 பால் மாதிரிகளில் 88-இல் இந்நஞ்சு அனுமதித்த அளவுக்கு மேல் காணப்பட்டது. அந்தப் பாலைக் குடிப்பவர்களுள் நம் குழந்தைகளும் உண்டு.

கலப்புத் தீவனத்தில் ஈரப்பதம் 11 சதவீதத்தைத் தாண்டலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். நல்ல தீவனமும் மண் தரையில் கிடந்தால் கெடும். பலகையின்மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கவேண்டும். ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்கி வைக்கவேண்டாம். மலிவாகக் கிடைத்தது என்று தீவனத்தைத் திடீரென மாற்றவும் கூடாது. பழையதைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒரு வார காலத்துக்குக் குறையாமல் மாற்றினால்தான் மாட்டின் வயிறு ஏற்கும். இல்லையேல் பால் குறையும்.

சங்கத்தின் வழி

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் சேர்ந்து கடை திறந்தபோது, கலப்படமற்ற பண்டம், சரியான எடை, ரொக்க வியாபாரம் என்பவற்றையே நெறியாகக் கொண்டனர். குஜராத்தில் கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு யூனியன் கஞ்சரியில் நிறுவிய தீவனத் தொழிற்சாலையை 1964-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திறந்துவைத்தார்.

தொழிற்சாலை அமைக்க நம்மால் இயலாதிருக்கலாம். சேர்ந்து வாங்க இயலும். எட்டு லிட்டர் கறக்கும் பசுவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோ கலப்புத் தீவனம் வேண்டும். மாதத்துக்கு மூன்று மூட்டை. நாற்பது அங்கத்தினர் சேர்ந்தால் 120 மூட்டை. ஒரு லாரியில் வந்து இறங்கும் இச்சரக்குக்கு ஆலையிலிருந்தே விலை கேட்கலாம். ஒரு மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பலாம். விலையைப் பால் பணத்தில் வட்டியின்றிப் பிடித்துக்கொள்ளலாம். ஊர்க் கடைக்காரரே அந்தத் தரத்தையும் விலையையும் ஒப்புக்கொண்டால் அவரிடமே வாங்குவதிலும் தவறில்லை.

ஒவ்வோர் அங்கத்தினரும் தமக்கு மாதம் எத்தனை மூட்டை வேண்டும் என்பதையும், இப்போது கொடுக்கும் விலையையும் எழுதி நிர்வாகக் குழுவிடம் சேர்ப்பிக்கவேண்டும். அந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் சங்கம் எந்த வியாபாரியிடமும் துணிந்து பேரம் பேச முடியும்.